ஒரே டெஸ்டில் 'எச்.ஐ.வி ரியாக்டிவ்' என வந்தால் தொற்று உறுதியா? தவறான முடிவு ஏன் வருகிறது, எப்படித் தவிர்க்கலாம்? - ஓர் அலசல்

ஹெர்னியா ஆபரேஷனுக்காக ஒருவர் மருத்துவமனையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான ரத்தப் பரிசோதனைகள் எடுக்கிறார்கள். சாயங்காலம் லேப்பில் இருந்து ரிப்போர்ட் வருகிறது. சர்க்கரை நார்மல், ஹீமோகுளோபின் நார்மல். கடைசி வரியில் மட்டும் 'எச்.ஐ.வி: ரியாக்டிவ்'.

ஆபரேஷன் தள்ளிப்போகிறது. வார்டில் பேச்சின் தொனியே மாறுகிறது. மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் அந்த மனிதர் ராத்திரி முழுக்க விழித்துக் கிடக்கிறார். சில நாள் கழித்து அரசு மையத்தில் மறுபடியும் சோதித்தால், 'எச்.ஐ.வி தொற்று இல்லை' என்று வருகிறது.

இது ஓர் உதாரணக் காட்சிதான். ஆனால் இப்படி நடப்பது அபூர்வம் அல்ல. 'லேப்காரன் தப்பு பண்ணிட்டான்' என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். உண்மையில் பல நேரங்களில் லேப் எந்தத் தவறும் செய்திருக்காது. கருவியும் சரியாகவே வேலை செய்திருக்கும். தவறு நடப்பது அதற்கு அடுத்த கட்டத்தில். 'இன்னொரு முறை சோதிக்க வேண்டும்' என்று மட்டும் சொல்லும் ஒரு முடிவை, 'உங்களுக்கு எச்.ஐ.வி இருக்கிறது' என்று மொழிபெயர்த்துச் சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இந்தத் தவறான பாசிட்டிவ் முடிவுகள் ஏன் வருகின்றன? இவற்றைக் குறைக்க உலக அளவிலும் இந்தியாவிலும் என்ன செய்கிறார்கள்? இப்படி ஒரு ரிப்போர்ட் கைக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஸ்கிரீனிங் டெஸ்ட் என்றால் என்ன?

பெரிய கோயில்களின் வாசலில் மெட்டல் டிடெக்டர் கதவு இருக்கும். சாவிக்கொத்து, பெல்ட், செல்போன் என எதற்கும் அது 'பீப்' அடிக்கும். சத்தம் வந்தது என்பதற்காக யாரையும் கைது செய்வதில்லை. ஓரமாக நிறுத்தி, கையில் இருக்கும் கருவியால் இன்னொரு முறை சோதித்துவிட்டு உள்ளே அனுப்புகிறார்கள்.

எச்.ஐ.வி ஸ்கிரீனிங் டெஸ்டும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். தொற்று உள்ள ஒருவரைக்கூட விட்டுவிடக் கூடாது என்பதே அதன் முதல் வேலை. அதற்காகக் கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் 'ரியாக்டிவ்' என்று காட்டும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்யும்போது, தொற்றே இல்லாத சிலரும் அதில் மாட்டுவார்கள் என்பது தெரிந்தே எடுத்த முடிவு.

இரண்டு சொற்களை இங்கே புரிந்துகொள்வது நல்லது. தொற்று உள்ளவர்களில் எத்தனை பேரை டெஸ்ட் சரியாகப் பிடிக்கிறது என்பது 'சென்சிட்டிவிட்டி'. தொற்று இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக 'இல்லை' என்று சொல்கிறது என்பது 'ஸ்பெசிஃபிசிட்டி'. முதல் கட்ட டெஸ்டுக்கு சென்சிட்டிவிட்டி குறைந்தது 99 சதவீதமும், ஸ்பெசிஃபிசிட்டி குறைந்தது 98 சதவீதமும் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அடுத்தடுத்து வரும் உறுதிப்படுத்தும் டெஸ்டுகளுக்கு ஸ்பெசிஃபிசிட்டி 99 சதவீதமாவது இருக்க வேண்டும்.

ஏன் இப்படி வடிவமைத்தார்கள்?

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. எச்.ஐ.வி-க்கான முதல் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்காவில் 1985 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. 'எலிசா' என்று நாம் கேள்விப்படும் முறை அது. அப்போது அதன் முக்கிய நோக்கம், தானமாக வரும் ரத்தத்தைப் பாதுகாப்பது. ஒருவருக்கு நோய் இருக்கிறதா என்று தீர்ப்பு சொல்வது அல்ல.

ரத்த வங்கியின் கோணத்தில் யோசித்துப் பாருங்கள். நல்ல ரத்தம் ஒரு பை வீணாகப் போனால் நஷ்டம் சிறியது. தொற்றுள்ள ரத்தம் ஒரு பை தப்பித்துப் போனால், ஒரு குடும்பத்தின் வாழ்க்கையே போகும். 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட சம்பவம் தமிழ்நாட்டையே உலுக்கியது. ஒன்று தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட உதாரணம் தேவையில்லை.

அதனால்தான் இந்தியாவில் ரத்த வங்கிகளில் ஒரே ஒரு டெஸ்டில் ரியாக்டிவ் வந்தாலும் அந்த ரத்தப் பையை ஒதுக்கிவிடுகிறார்கள். ரத்தத்துக்கு அந்த விதி சரி. ஆனால் அதே ஒரு டெஸ்டை வைத்து, ரத்தம் கொடுத்தவருக்கு எச்.ஐ.வி இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. அவரை ஆலோசனை மற்றும் பரிசோதனை மையத்துக்கு அனுப்பி உறுதிசெய்ய வேண்டும்.

ரத்தப் பைக்கான விதி வேறு, மனிதருக்கான விதி வேறு. இந்த வித்தியாசம் மறந்துபோகும் இடத்தில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது.

தொற்றே இல்லாதபோது டெஸ்ட் ஏன் ஏமாறுகிறது?

பெரும்பாலான ஸ்கிரீனிங் டெஸ்டுகள் வைரஸை நேரடியாகத் தேடுவதில்லை. வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் 'ஆன்டிபாடி' எனப்படும் எதிர்ப்புப் புரதங்களைத் தேடுகின்றன. நான்காம் தலைமுறை டெஸ்டுகள் ஆன்டிபாடியுடன், வைரஸின் 'பி24' என்ற புரதத்தையும் சேர்த்துத் தேடுகின்றன.

சிக்கல் என்னவென்றால், நம் உடலில் ஆயிரக்கணக்கான விதமான ஆன்டிபாடிகள் இருக்கின்றன. அவற்றில் ஏதோ ஒன்று, எச்.ஐ.வி-க்கான ஆன்டிபாடி மாதிரியே டெஸ்ட் கிட்டில் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு பூட்டுக்கு வேறு வீட்டுச் சாவி தற்செயலாகப் பொருந்துவது போலத்தான்.

லூபஸ் போன்ற தன்னுடல் தாக்குநோய்கள், சில வைரஸ் தொற்றுகள், மலேரியா, அண்மையில் போட்ட ஃப்ளூ தடுப்பூசி, கர்ப்பம் ஆகியவை தவறான ரியாக்டிவ் முடிவுகளுடன் தொடர்புபடுத்தப்பட்டுள்ளன. இதைப் படித்துவிட்டு யாரும் பயப்படத் தேவையில்லை. இவை உள்ள பெரும்பாலானவர்களுக்கு டெஸ்ட் சரியாகவே வரும். பலருக்குத் தவறான முடிவு வந்ததற்கான காரணம் கடைசி வரை தெரியாமலே போவதும் உண்டு.

தடுப்பூசி ஒன்றையே நிறுத்த வைத்த 'ஃபால்ஸ் பாசிட்டிவ்'

இந்தப் பிரச்னை எவ்வளவு பெரியது என்பதை உலகுக்கே காட்டிய சம்பவம் ஆஸ்திரேலியாவில் நடந்தது. கொரோனா காலத்தில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சி.எஸ்.எல் நிறுவனமும் சேர்ந்து ஒரு தடுப்பூசியை உருவாக்கின. கொரோனா வைரஸின் 'ஸ்பைக்' புரதம் உருக்குலையாமல் இருக்க, அதை ஒரு கவ்வி போல இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் கவ்விக்கு எச்.ஐ.வி-யின் ஒரு புரதத்தில் இருந்து எடுத்த சின்னத் துண்டைப் பயன்படுத்தினார்கள். அந்தத் துண்டால் யாருக்கும் எச்.ஐ.வி வர வாய்ப்பே இல்லை.

ஆனால் தடுப்பூசி போட்டுக்கொண்ட தன்னார்வலர்களின் உடல், கொரோனாவுக்கு மட்டுமல்லாமல் அந்தத் துண்டுக்கும் ஆன்டிபாடி உருவாக்கியது. விளைவு, சில எச்.ஐ.வி ஸ்கிரீனிங் டெஸ்டுகளில் அவர்களுக்கு ரியாக்டிவ் காட்டியது. அடுத்தகட்ட சோதனைகளில் யாருக்கும் எச்.ஐ.வி இல்லை என்பது உறுதியானது. முதல்கட்டப் பரிசோதனையில் அந்தத் தடுப்பூசியின் பாதுகாப்பில் பெரிய பிரச்னையும் தெரியவில்லை.

இருந்தும் 2020 டிசம்பரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஆஸ்திரேலிய அரசு வாங்க ஒப்புக்கொண்டிருந்த 5.1 கோடி டோஸ்களும் ரத்தாயின. காரணம் எளிது. கோடிக்கணக்கானவர்களுக்கு அந்த ஊசி போட்டால், நாட்டின் எச்.ஐ.வி பரிசோதனை முறையே குழம்பிப்போகும். ரத்த தானத்தில் இருந்து கர்ப்பகாலப் பரிசோதனை வரை எல்லாம் சிக்கலாகும். தடுப்பூசி மீதான மக்களின் நம்பிக்கையும் அடிபடும். ஒரு டெஸ்டின் நம்பகத்தன்மையைக் காப்பாற்ற, ஒரு தடுப்பூசியையே விட்டுக்கொடுத்தார்கள்.

99.5% சரியான டெஸ்ட்... ஆனாலும் பாதிக்கு மேல் தப்பு! எப்படி?

இதுதான் பலருக்கும், சில மருத்துவர்களுக்கும்கூட, தலைசுற்ற வைக்கும் இடம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

இந்தியாவில் வயது வந்தோரில் எச்.ஐ.வி தொற்று உள்ளவர்கள் சுமார் 0.2 சதவீதம். அதாவது ஆயிரம் பேரில் இரண்டு பேர். இப்போது 1 லட்சம் பேருக்கு டெஸ்ட் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் தொற்று உள்ளவர்கள் 200 பேர். டெஸ்ட் அந்த 200 பேரையும் பிடித்துவிடுகிறது.

மீதி 99,800 பேருக்குத் தொற்று இல்லை. டெஸ்டின் ஸ்பெசிஃபிசிட்டி 99.5 சதவீதம் என்றால், இவர்களில் 0.5 சதவீதம் பேருக்குத் தவறாக ரியாக்டிவ் வரும். கணக்குப்படி 499 பேர்.

ஆக, மொத்தம் ரியாக்டிவ் என்று வந்தவர்கள் 699 பேர். அதில் உண்மையிலேயே தொற்று உள்ளவர்கள் 200 பேர் மட்டும். அதாவது 100 பேருக்கு ரியாக்டிவ் வந்தால், சுமார் 71 பேருக்கு எச்.ஐ.வி இல்லை!

இதே கிட்டை, தொற்று வாய்ப்பு அதிகம் உள்ள 1 லட்சம் பேரிடம் பயன்படுத்தினால்? அவர்களில் 10 சதவீதம் பேருக்கு, அதாவது 10,000 பேருக்குத் தொற்று இருக்கிறது என்று கொள்வோம். மீதி 90,000 பேரில் தவறாக மாட்டுவது 450 பேர். அப்போது ரியாக்டிவ் வந்த 100 பேரில் சுமார் 96 பேருக்கு நிஜமாகவே தொற்று இருக்கும்.

கிட் மாறவில்லை. லேப் மாறவில்லை. யாரைச் சோதிக்கிறோம் என்பது மட்டும்தான் மாறியது. ஆபரேஷனுக்கு முன், வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கலில், முழு உடல் பரிசோதனை பேக்கேஜில், கர்ப்பகாலத்தில் என ஆபத்து குறைவாக உள்ளவர்களிடம் எடுக்கும் டெஸ்டுகளில் தவறான ரியாக்டிவ் முடிவின் பங்கு அதிகமாக இருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இதனால் டெஸ்டே எடுக்கக் கூடாது என்று அர்த்தமில்லை. தொற்று இருப்பதே தெரியாமல் இருப்பவர்களைக் கண்டறிய டெஸ்ட் பரவலாக வேண்டும். ஆனால் டெஸ்ட் எவ்வளவு பரவலாகிறதோ, உறுதிப்படுத்தும் ஏற்பாடும் அவ்வளவு வலுவாக இருக்க வேண்டும்.

தீர்வு 1: ஒன்று அல்ல, மூன்று டெஸ்ட்

மேலே சொன்ன கணக்கிலேயே தீர்வும் இருக்கிறது. தவறாக ரியாக்டிவ் வந்த அந்த 499 பேருக்கும் வேறொரு கம்பெனியின், வேறு மாதிரி வேலை செய்யும் டெஸ்டை எடுத்தால்? அதன் ஸ்பெசிஃபிசிட்டியும் 99.5 சதவீதம் என்றால், மறுபடியும் தவறாக மாட்டுவது இரண்டு அல்லது மூன்று பேர்தான். மூன்றாவதாக இன்னொரு டெஸ்ட் வைத்தால், அந்த எண்ணிக்கை கிட்டத்தட்ட பூஜ்ஜியம்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. மூன்று டெஸ்டும் ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருக்க வேண்டும். ஒரே கிட்டில் மூன்று முறை போட்டுப் பார்ப்பதில் பயன் குறைவு. முதல் முறை எந்த ஆன்டிபாடி அந்தக் கிட்டை ஏமாற்றியதோ, அதுவே மூன்று முறையும் ஏமாற்றும். அதனால்தான் வெவ்வேறு ஆன்டிஜென் அல்லது வெவ்வேறு செயல்முறை கொண்ட கிட்டுகளைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள்.

இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமான 'நாகோ'வின் வழிமுறையும் இதுதான். அறிகுறி எதுவும் இல்லாத ஒருவருக்கு மூன்று வெவ்வேறு டெஸ்டுகளிலும் ரியாக்டிவ் வந்தால்தான் 'எச்.ஐ.வி பாசிட்டிவ்' என்று சொல்ல முடியும். முதல் டெஸ்டில் மட்டும் ரியாக்டிவ் வந்து, மற்ற இரண்டிலும் வரவில்லை என்றால் 'நெகட்டிவ்'. மூன்றில் இரண்டு மட்டும் ரியாக்டிவ் என்றால் 'முடிவு செய்ய இயலவில்லை' என்று குறிப்பிட்டு, இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து மீண்டும் வரச் சொல்வார்கள்.

உலக அளவில் இந்த விஷயத்தில் பெரிய மாற்றம் வந்தது 2019-ல். அதுவரை, தொற்று 5 சதவீதத்துக்கு மேல் உள்ள பகுதிகளில் இரண்டு டெஸ்ட் போதும் என்று சொல்லிவந்த உலக சுகாதார அமைப்பு, இனி எல்லா நாடுகளிலும் தொடர்ச்சியாக மூன்று ரியாக்டிவ் முடிவு வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆப்பிரிக்க நாடுகளில் பரிசோதனையும் சிகிச்சையும் பெருகப் பெருக, புதிதாகச் சோதனைக்கு வருபவர்களில் தொற்று உள்ளவர்களின் விகிதம் குறைந்தது. மேலே பார்த்த கணக்குப்படி, விகிதம் குறைந்தால் தவறான முடிவின் பங்கு கூடும். எச்.ஐ.வி-க்கு எதிரான வெற்றியே, டெஸ்ட் விதிகளை இன்னும் கடுமையாக்க வேண்டிய கட்டாயத்தை உருவாக்கியது.

1986-ல் சென்னையில் என்ன செய்தார்கள்?

ஒரு முடிவை இன்னொரு டெஸ்டால் சரிபார்க்க வேண்டும் என்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. நாட்டில் முதன்முதலாக எச்.ஐ.வி கண்டறியப்பட்டதே அப்படித்தான்.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சென்னையில் அப்போது அந்த டெஸ்ட் வசதி இல்லை. மாதிரிகள் வேலூர் சி.எம்.சி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டன. அங்கே ஆறு மாதிரிகளில் பாசிட்டிவ் தெரிந்தது.

அதோடு நிறுத்தவில்லை. மறுபடியும் மாதிரி எடுத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், 'வெஸ்டர்ன் பிளாட்' என்ற வேறு முறையில் சோதித்து உறுதிசெய்த பிறகே, இந்தியாவில் எச்.ஐ.வி இருக்கிறது என்பது ஏற்கப்பட்டது. அன்று ஒரு நாட்டுக்கே சொல்லும் முன் எடுத்துக்கொண்ட அதே கவனம், இன்று ஒரு தனிமனிதரிடம் சொல்லும் முன்னும் தேவை.

அந்த வெஸ்டர்ன் பிளாட் முறைதான் பல ஆண்டுகள் 'கடைசித் தீர்ப்பு' போல இருந்தது. ஆனால் செலவு அதிகம், நேரம் அதிகம், தெளிவில்லாத முடிவுகளும் நிறைய வரும். அதனால் அதைக் கைவிட்டு, மூன்று ரேபிட் டெஸ்ட் அல்லது எலிசா வகை டெஸ்டுகளுக்கு மாறும்படி 2019-ல் உலக சுகாதார அமைப்பு சொன்னது.

தீர்வு 2: டெஸ்ட் எடுக்கும் விதத்தில் கவனம்

எல்லாப் பழியையும் ஆன்டிபாடி மேல் போட முடியாது. மனிதத் தவறுகளும் இருக்கின்றன.

மிக ஆபத்தானது, மாதிரி மாறிப்போவது. ஒருவரின் ரத்தக் குழாயில் இன்னொருவரின் பெயர் ஒட்டப்பட்டால், அந்தக் குழாயை மூன்று அல்ல, முப்பது முறை சோதித்தாலும் சரியான முடிவு வராது. அதனால்தான் சிகிச்சை தொடங்கும் முன், புதிதாக ரத்தம் எடுத்து மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது.

அடுத்தது, ரேபிட் டெஸ்டில் மங்கலாகத் தெரியும் கோடு. இது பாசிட்டிவா, நெகட்டிவா என்று பார்ப்பவரே திணறுவார். உகாண்டாவின் ராக்காய் பகுதியில் நடந்த ஆய்வு 2007-ல் வெளியானது. ரேபிட் டெஸ்டில் வந்த தவறான முடிவுகளில் இந்த மங்கலான கோடுகளுக்குப் பெரிய பங்கு இருப்பது அதில் தெரியவந்தது. மங்கலான கோடு வந்தவர்களை நேரடியாகப் பாசிட்டிவ் என்று எழுதாமல், அடுத்தகட்ட சோதனைக்கு அனுப்பினாலே தவறு வெகுவாகக் குறையும்.

கிட்டில் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் முடிவைப் பார்த்துவிட வேண்டும். டீ குடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், காய்ந்த தடம்கூடக் கோடு போலத் தெரியலாம். எலிசா முறையில் தட்டை நன்றாகக் கழுவாமல் விட்டாலும் தவறான ரியாக்டிவ் வரும். காலாவதியான கிட், வெயிலில் வைத்த கிட் எல்லாம் இந்தப் பட்டியலில் சேரும்.

எந்த மாதிரியை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். நியூயார்க் நகரில் பால்வினை நோய் கிளினிக்குகளில் வாய்த் திரவத்தை வைத்து ரேபிட் டெஸ்ட் எடுத்தார்கள். 2005-லும், மீண்டும் 2007-08-லும் தவறான பாசிட்டிவ் முடிவுகள் திடீரென அதிகரித்தன. வாய்த் திரவத்தில் பாசிட்டிவ் வந்தவர்களுக்கு அங்கேயே விரல் நுனி ரத்தத்தில் இன்னொரு டெஸ்ட் எடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் அந்த கிளினிக்குகளில் வாய்த் திரவ டெஸ்டையே நிறுத்திவிட்டு, விரல் நுனி ரத்தத்துக்கு மாறினார்கள்.

ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த எண் என்ன சொல்கிறது?

பல தனியார் லேப்களின் ரிப்போர்ட்டில் வெறும் ரியாக்டிவ் என்று மட்டும் இல்லாமல் ஓர் எண்ணும் இருக்கும். பல டெஸ்டுகளில் 1.0 என்பது எல்லைக்கோடு. அதற்கு மேல் போனால் ரியாக்டிவ். ஒருவருக்கு 1.3 என்று வருகிறது, இன்னொருவருக்கு 300 என்று வருகிறது. இரண்டுமே ரிப்போர்ட்டில் ரியாக்டிவ்தான். ஆனால் எல்லைக்கோட்டை ஒட்டி வரும் எண், தவறான முடிவாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

அதே நேரம், தொற்று ஏற்பட்டு மிகச் சில நாட்களே ஆனவர்களுக்கும் எண் குறைவாக வரலாம். அதனால் எண்ணைப் பார்த்து யாரும் தாங்களாகவே முடிவுக்கு வரக் கூடாது. குறைந்த எண் வந்தால் நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்குப் பதில், மறு பரிசோதனைக்குப் போவதே சரி.

பிறந்த குழந்தைக்கு பாசிட்டிவ் வந்தால்?

இது தனிக் கதை. எச்.ஐ.வி உள்ள தாயின் ஆன்டிபாடிகள் கர்ப்பத்திலேயே குழந்தைக்குப் போய்விடும். குழந்தைக்குத் தொற்று இல்லாவிட்டாலும், 18 மாதம் வரை அந்த ஆன்டிபாடிகள் ரத்தத்தில் இருக்கலாம். அதனால் சாதாரண ஆன்டிபாடி டெஸ்ட் குழந்தையிடம் பாசிட்டிவ் காட்டினால், அது தாயின் நிலையைத்தான் சொல்கிறதே தவிர, குழந்தையின் நிலையை அல்ல.

இதற்காகவே, குழந்தை பிறந்து ஆறு வாரத்தில் இருந்து வைரஸின் மரபணுவையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர் டெஸ்ட் எடுக்கிறார்கள். குதிகாலில் இருந்து எடுத்த சில சொட்டு ரத்தத்தைத் தாளில் உலரவைத்து அனுப்பினாலே போதும்.

சிக்கல் எங்கே நீடிக்கிறது?

விதி தெளிவாக இருக்கிறது. பிறகு ஏன் இன்னும் ஒரே டெஸ்டில் மனிதர்கள் நொறுங்கிப்போகிறார்கள்?

ஒரு காரணம், பல தனியார் லேப்களும் கிளினிக்குகளும் எடுப்பது ஸ்கிரீனிங் டெஸ்ட் மட்டும்தான். 'உறுதிப்படுத்தும் பரிசோதனை செய்யவும்' என்ற வரி ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிக்க வேண்டியவர் படிக்கும் மனநிலையில் இருக்க மாட்டார்.

இன்னொரு காரணம், சொல். 'ரியாக்டிவ்' என்றால் கிட்டில் ஒரு வினை நடந்திருக்கிறது என்று அர்த்தம். 'பாசிட்டிவ்' என்றால் தொற்று உறுதி. லேப் எழுதும் முதல் சொல்லை, வரவேற்பறையில் இருப்பவரோ, உறவினரோ, சில நேரம் மருத்துவரே இரண்டாவது சொல்லாக மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். ரிப்போர்ட்டை உரியவரிடம் நேரில் கொடுத்து விளக்காமல், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன ஆகும்? கூகுளில் தேடிப் பார்க்கும் ஒருவர், ஆலோசகரைப் பார்க்கும் முன்பே மிக மோசமான முடிவுகளுக்குப் போய்விடலாம்.

ஒரு குடும்பத்தில் சந்தேகம் விழுந்தால், பிறகு நூறு நெகட்டிவ் ரிப்போர்ட் காட்டினாலும் அது முழுதாகப் போவதில்லை. அதனால்தான் டெஸ்டுக்கு முன்னும் பின்னும் ஆலோசனை கட்டாயம் என்கிறார்கள். 'முதல் டெஸ்டில் ரியாக்டிவ் வந்தாலும் பயப்படாதீங்க, இன்னும் ரெண்டு டெஸ்ட் இருக்கு' என்ற ஒரே வாக்கியத்தை ரத்தம் எடுக்கும் முன்பே சொல்லிவிட்டால், பாதி அதிர்ச்சி குறையும்.

சட்டம் என்ன சொல்கிறது?

எச்.ஐ.வி மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி,

- ஒருவருக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதம் பெற்ற பிறகே எச்.ஐ.வி டெஸ்ட் எடுக்க வேண்டும். ரத்த வங்கியில் ரத்தத்தைச் சோதிப்பது, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு.

- ஒருவரின் எச்.ஐ.வி நிலையை அவர் சம்மதம் இல்லாமல் மற்றவரிடம் வெளியிடக் கூடாது. சட்டம் சொல்லும் சில சூழல்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

- வேலை, படிப்பு, சிகிச்சை ஆகியவற்றுக்கு எச்.ஐ.வி டெஸ்டை நிபந்தனையாக வைக்கக் கூடாது. தொற்று இருக்கிறது என்பதற்காக சிகிச்சை மறுப்பதும் சட்டப்படி தவறு.

அதாவது, ஆபரேஷனுக்கு வந்தவருக்கு முதல் டெஸ்டில் ரியாக்டிவ் வந்தது என்பதற்காக அவரை வெளியே அனுப்ப முடியாது. மூன்று டெஸ்டிலும் பாசிட்டிவ் என்று உறுதியானாலும் அனுப்ப முடியாது.

சரி, ரியாக்டிவ் ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. என்ன செய்யணும்?

1. இது இறுதி முடிவு அல்ல என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் எத்தனை டெஸ்ட் எடுத்தார்கள், எந்த முறை, ஸ்கிரீனிங்கா அல்லது உறுதிப்படுத்திய முடிவா என்று பாருங்கள்.

2. அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் ஒருங்கிணைந்த ஆலோசனை மற்றும் பரிசோதனை மையத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டில் இதற்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர். புதிதாக ரத்தம் எடுத்து, ஆலோசனையுடன் இலவசமாகச் சோதிப்பார்கள். விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும்.

3. எங்கே போவது என்று தெரியவில்லையா? நாகோவின் கட்டணமில்லா உதவி எண் 1097-ல் கேட்கலாம்.

4. அண்மையில் போட்ட தடுப்பூசி, கர்ப்பம், லூபஸ் போன்ற நோய், மருந்துப் பரிசோதனைகளில் பங்கேற்றது ஆகியவை இருந்தால் ஆலோசகரிடம் சொல்லுங்கள். ஏற்கனவே ஏ.ஆர்.டி மாத்திரை எடுத்திருந்தாலும், தொற்று வராமல் தடுக்கும் மாத்திரை எடுத்திருந்தாலும் மறைக்க வேண்டாம். இந்த மாத்திரைகள் டெஸ்ட் முடிவைக் குழப்பலாம்.

5. உறுதியாகும் வரை ரத்த தானம் செய்ய வேண்டாம். தாம்பத்திய உறவில் ஆணுறை பயன்படுத்துங்கள்.

6. மறு பரிசோதனைக்குப் போகாமல், 'எனக்கு வந்தது ஃபால்ஸ் பாசிட்டிவ்தான்' என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள்.

கடைசி எச்சரிக்கை: இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு

தவறான பாசிட்டிவ் பற்றிப் பேசும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ரியாக்டிவ் வந்த பலருக்கு நிஜமாகவே தொற்று இருக்கும். 'டெஸ்ட் தப்பா காட்டும்னு படிச்சேனே' என்று மறு பரிசோதனையைத் தவிர்ப்பவர், சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார். இன்று எச்.ஐ.வி சரியான நேரத்தில் தெரிந்து, மாத்திரையை ஒழுங்காக எடுத்தால் நீண்ட, ஆரோக்கியமான வாழ்க்கை சாத்தியம். வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குப் போனால், பாலியல் உறவின் மூலம் துணைக்குப் பரவுவதும் இல்லை.

மாத்திரையால் வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவர், 'எனக்கு எச்.ஐ.வி-யே இல்லை, முதல் டெஸ்ட் தப்பு' என்று நினைத்து மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து. மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் அது.

அதேபோல 'நெகட்டிவ்' வந்தாலும், தொற்று வாய்ப்பு ஏற்பட்ட சில நாட்களிலேயே எடுத்த டெஸ்ட் என்றால் அதை முழுதாக நம்ப முடியாது. ரத்த நாளத்தில் இருந்து எடுத்த ரத்தத்தில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்டில் தொற்று தெரிய 18 முதல் 45 நாட்கள் ஆகலாம். ஆன்டிபாடியை மட்டும் தேடும் டெஸ்டுகளுக்கு 23 முதல் 90 நாட்கள் வரை ஆகலாம்.

எச்.ஐ.வி ஸ்கிரீனிங் டெஸ்ட் நல்ல டெஸ்ட்தான். மருத்துவத்தில் மிக நம்பகமானவற்றில் அதுவும் ஒன்று. ஆனால் அதன் வேலை கதவருகே சத்தம் எழுப்புவது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல இரண்டாவது, மூன்றாவது டெஸ்டுகள் வேண்டும். அவை முடியும் வரை ரிப்போர்ட்டை எழுதுபவரும், அதைக் கையில் கொடுப்பவரும், வாங்கிப் படிப்பவரும் 'பாசிட்டிவ்' என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் இருந்தாலே பல குடும்பங்களின் தூக்கம் மிஞ்சும்.